ஜஸ்டின் கிட்டார் இலவசப் பாடங்கள்: முதல் கிரேடு முடித்த பிறகு எழுதும் விமர்சனம்

கிட்டார் வாங்கிக் கொஞ்ச நாள் தட்டிப் பார்த்துவிட்டு பரண் மேல் போட்டவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கோர்டெல்லாம் தெரியும், ஆனா பாட்டு வர மாட்டேங்குது." இந்த விமர்சனத்தை அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கோர்டு (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்படி தந்திகளைப் பிடிப்பது) தெரிவதற்கும் பாட்டு வருவதற்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், அந்த இடத்தைக் கடக்க வைப்பதில் ஜஸ்டின் கிட்டார் இணையதளத்தின் ஆரம்பப் பாடங்கள் அளவுக்கு உதவிய வேறொன்றை நான் பார்க்கவில்லை. கோர்டு படங்கள் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். தினமும் உட்கார்ந்து எதை, எவ்வளவு நேரம், எப்படிப் பயிற்சி செய்வது என்று சொல்லிக் கொடுப்பவர்கள்தான் குறைவு. அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் இந்த வகுப்பின் பலம் என்பது என் தீர்மானமான கருத்து.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜஸ்டின் சாண்டர்கோ ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்தவர், லண்டனில் தங்கி கிட்டார் வாசித்தும் சொல்லிக் கொடுத்தும் வந்தவர். 2003-ல் தன் தளத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து ஆரம்பப் பாடங்கள் இலவசம்தான். முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று பிரித்து, ஒவ்வொரு கிரேடுக்குள்ளும் சின்னச் சின்னப் பகுதிகளாக அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு பகுதியிலும் சில காணொளிகள், கடைசியில் அந்தப் பகுதிக்கான பயிற்சிப் பட்டியல். அந்தப் பட்டியலைத்தான் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், காணொளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வகுப்பில் பாதிகூடக் கிடைக்காது.

கோர்டுகளைச் சொல்லித் தரும் வரிசையே யோசித்து வைத்தது. பல புத்தகங்களும் வகுப்புகளும் சி மேஜரில் தொடங்குகின்றன, கீபோர்டில் அது எளிது என்பதால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். கிட்டாரில் சி பிடிக்க மூன்று விரலும் மூன்று ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே ஓடும் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில்) விரிய வேண்டும், புதுக் கைக்கு அது பெரிய வேலை. இங்கே டி, ஏ, அப்புறம் ஈ என்று ஆரம்பிக்கிறது. அதன் பிறகுதான் மைனர் கோர்டுகள், சி, ஜி எல்லாம். எல்லோரையும் பயமுறுத்தும் எஃப் கோர்டு முதல் கிரேடில் கிடையாது.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஏ கோர்டுக்கு இவர் சொல்லும் விரல் அமைப்பு வழக்கமானதல்ல. நாலாம் தந்தியில் (மெல்லியதுதான் ஒன்றாம் தந்தி) நடுவிரல், மூன்றாம் தந்தியில் ஆள்காட்டி விரல், இரண்டாம் தந்தியில் மோதிர விரல், மூன்றும் இரண்டாவது ஃப்ரெட்டில். ஆள்காட்டி விரல் நடுவில் புகுந்து பின்னால் தள்ளி நிற்பதால் முதலில் அசௌகரியமாக இருக்கும். ஆனால் டி கோர்டைப் பாருங்கள், அங்கேயும் மூன்றாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் இருப்பது அதே ஆள்காட்டி விரல்தான். அதனால் ஏ-யிலிருந்து டி-க்குப் போகும்போது அந்த ஒரு விரல் இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம், மற்ற இரண்டு மட்டும் நகர்ந்தால் போதும். ஈ-க்குப் போகும்போதும் அதே விரல் அதே தந்தியில் ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கிப் போகும், தந்தியை விட்டு எடுக்க வேண்டியதில்லை. நங்கூர விரல் என்று இதைச் சொல்கிறார். மூன்று கோர்டு, அவற்றுக்கு நடுவே ஒரு விரல் எப்போதும் தந்தியோடு ஒட்டியே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடிவது இதனால்தான். வேறு அமைப்பில் ஏ பிடித்துப் பழகியவர்கள்கூட ஒரு வாரம் இப்படிப் பிடித்துப் பார்க்கலாம், வித்தியாசம் தெரியும்.

என்னோடு சேர்ந்து என் அக்கா மகளும் இதே பாடங்களைப் பார்த்துக் கற்கிறாள். பள்ளிப் பிள்ளை, சின்னக் கை. டி கோர்டு பிடித்துவிட்டு மீட்டியவள், "மாமா, ஒண்ணாம் தந்தி செத்துப்போச்சு" என்றாள். தந்தி சாகவில்லை. இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் மோதிர விரல் நுனியில் நிற்காமல் சாய்ந்து, அதன் சதை ஒண்ணாம் தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டால் போதும், சத்தம் அடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க இந்த வகுப்பில் ஒரு பயிற்சி இருக்கிறது: கோர்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே மீட்டி, எது மணி போல் ஒலிக்கிறது, எது அடைக்கிறது, எது கரகரக்கிறது என்று கேட்பது. அடைக்கிற தந்தி கிடைத்ததும் எந்த விரல் காரணம் என்று பார்த்து, அதைத் துளி நகர்த்தி, மறுபடி மீட்ட வேண்டும். அவளுக்கு மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கட்டை விரலைக் கழுத்தின் பின்புறத்தில் சற்றுக் கீழே இறக்கச் சொன்னேன். விரல் நிமிர்ந்து நின்றது, ஒண்ணாம் தந்தி பேசியது. இதற்கு ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இல்லை, ஆனால் இப்படி ஒவ்வொரு தந்தியாகக் கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால் அந்த அடைப்பு மாதக்கணக்கில் அப்படியே இருந்துவிடும், மொத்தமாக மீட்டும்போது அது காதில் விழாது.

கரகரப்பு வேறு விஷயம். விரல் ஃப்ரெட் கம்பியிலிருந்து தள்ளி இருந்தாலோ அழுத்தம் போதாவிட்டாலோ அது வரும். புதிதாகப் பிடிப்பவர்கள் உடனே இன்னும் இறுக்கி அழுத்துகிறார்கள், விரல் நுனி சிவந்து வலியெடுக்கிறது, பத்து நிமிஷத்தில் கிட்டாரை வைத்துவிடுகிறார்கள். கம்பிக்கு ஒட்டி, அதன் பின்னாலேயே விரலை வைத்தால் பாதி அழுத்தத்தில் சத்தம் சுத்தமாக வரும். விரலை லேசாக வைத்து மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் சத்தம் தெளிகிறதோ அவ்வளவு அழுத்தமே போதும், அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண் வலி.

இனி இந்த வகுப்பின் உயிரான பயிற்சிக்கு வருகிறேன். ஒரு நிமிஷம் கடிகாரம் வைத்துக்கொண்டு இரண்டு கோர்டுகளுக்கு நடுவே மாறி மாறிப் போக வேண்டும், எத்தனை முறை மாறினோம் என்று எண்ண வேண்டும், எண்ணிக்கையை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஸ்ட்ரம்மிங் (தந்திகளைக் கீழும் மேலுமாகச் சேர்த்து மீட்டுவது) வேண்டாம், தாளம் வேண்டாம், ஒரு தடவை மீட்டிவிட்டு அடுத்த கோர்டுக்குத் தாவலாம். நிமிஷத்துக்கு 60 மாற்றம் என்பது எட்ட வேண்டிய இலக்கு. 30 வந்தாலே பாட்டுகளைத் தொடலாம். இந்த எண்கள் ஏதோ ஒரு கணக்குக்குச் சொன்னவை அல்ல. ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 80 தட்டு வேகத்தில் போகிறது, நாலு தட்டுக்கு ஒரு முறை கோர்டு மாறுகிறது என்று வையுங்கள், நிமிஷத்துக்கு 20 மாற்றம் வேண்டும். 120 தட்டு வேகம் என்றால் 30. அதே வேகத்தில் இரண்டு தட்டுக்கு ஒரு முறை மாறும் பாட்டு என்றால் 60. ஆக, 60 தொட்டவர்கள் சாதாரணமாகக் கேட்கும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கை தயாராக இருப்பவர்கள். "கோர்டு தெரியும், பாட்டு வரவில்லை" என்பவர்களை உட்கார வைத்து எண்ணச் சொன்னால் பத்தோ பன்னிரண்டோதான் வரும். பாட்டுக்கு 30 தேவை, கையில் 12 இருக்கிறது. அவர்களுடைய பிரச்சினை திறமை அல்ல, இந்தக் கணக்குத்தான். கணக்கு என்று தெரிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியும் தெரிந்துவிடும்.

எண்ணி எழுதுவதில் இன்னொரு நன்மை, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவது. கிட்டாரில் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது, ஆறு மாதத்துக்கு முந்தைய நம்மை நாம் மறந்தும் போயிருப்போம். நோட்டில் எண் இருந்தால் மறக்காது. எண்ணிக்கை ஒரே இடத்தில் நின்றுவிடும் காலமும் வரும், சில சமயம் இறங்கவும் செய்யும். அந்த நாட்களில் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது எவ்வளவு தெம்பு தரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். எப்போதும் சிக்கல் தருகிற ஜோடிகளை எடுத்துச் செய்யுங்கள், ஏற்கெனவே சரளமாக வரும் ஜோடியை எண்ணிச் சந்தோஷப்படுவதில் பயனில்லை. ஏ மைனர் - ஈ தானாக வந்துவிடும், ஏனென்றால் ரெண்டுக்கும் கையின் வடிவம் ஒன்றேதான், மொத்தமாக ஒரு தந்தி மேலே ஏறினால் போதும். சி - ஜி, டி - ஜி ஜோடிகளில்தான் உழைப்பு வேண்டும்.

ஆனால் வேகத்தை மட்டும் துரத்தினால் கோர்டு அரைகுறையாக விழும். அதற்கும் தளத்திலேயே மருந்து இருக்கிறது. ஒரு நிமிஷப் பயிற்சியில் சில தந்திகள் அடைத்தாலும் பரவாயில்லை என்று ஓட விடுகிறார், தனியாக இன்னொரு பயிற்சியில் ஒவ்வொரு மாற்றமும் சுத்தமாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம் என்று பிடித்து நிறுத்துகிறார். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதில்தான் பலன். என் அக்கா மகள் முதல் வகையை மட்டுமே செய்ய ஆசைப்படுவாள், எண் ஏறுவது பிள்ளைகளுக்குப் பிடிக்குமே. இரண்டாவதையும் செய்ய வைக்கப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வலது கைக்கு வருவோம். ஸ்ட்ரம்மிங் பற்றி இவர் வலியுறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: கை நிற்கக் கூடாது. ஊஞ்சல் போல ஒரே சீராகக் கீழும் மேலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், தந்தியைத் தொடுவதும் தொடாமல் விடுவதும்தான் மாறும். எல்லோரும் சொல்லித் தரும் அந்த அடிப்படை அடியை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். நாலு தட்டில் ஒன்றாம் தட்டுக்குக் கீழே, இரண்டாம் தட்டுக்குக் கீழே மேலே, மூன்றாம் தட்டில் கை கீழே போகும் ஆனால் தந்தியைத் தொடாது, திரும்பி மேலே வரும்போது தொடும், நாலாம் தட்டுக்குக் கீழே மேலே. அந்த மூன்றாம் தட்டில் கையை நிறுத்திவிட்டால் தாளம் நொண்டும். கை ஓடிக்கொண்டே இருந்தால் நொண்டாது. பழைய நம்பிக்கைக்குரிய நண்பன் என்ற பொருளில் இந்த அடிக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார், நிஜமாகவே எத்தனையோ பாட்டுக்கு அது உட்காரும். முதலில் தந்திகள் மேல் இடது கையைச் சும்மா வைத்து அடைத்துவிட்டு, வெறும் 'சக் சக்' என்று வலது கையை மட்டும் பழக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கைக்கும் கவலைப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும், நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை. பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், வாசிக்கக் கொடுக்கும் பாட்டுகளும் ஆங்கிலப் பாட்டுகள். அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சரி. நம் காதில் சின்ன வயதிலிருந்து ஊறியது வேறு. தெரியாத பாட்டை வாசிக்கும்போது தப்பு விழுந்தாலும் காது காட்டிக்கொடுக்காது, தெரிந்த பாட்டு என்றால் உடனே உறுத்தும். அதனால் பயிற்சிகளை அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் நம்முடையதாக மாற்றிக்கொள்வதே சரி. அவர் தரும் பட்டியலில் பாட்டுக்கென்று ஒதுக்கிய நேரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள், வெறும் பயிற்சியாகவே போனால் சலித்துவிடும்.

எந்தப் பாட்டு என்று எப்படித் தேடுவது? ராகம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம், தெரியாதவர்களுக்கும் கஷ்டமில்லை. முதலில் கற்றுத் தரும் ஏ, டி, ஈ மூன்றும் ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரண ராகத்தின் மூன்று முக்கியக் கோர்டுகள். சங்கராபரணத்தை ஒட்டி அமைந்த எளிய மெட்டுகளுக்கு இந்த மூன்றும் போதும். பள்ளியில் பாடிய பாட்டுகள், தாலாட்டு, தேவாலயப் பாட்டுகள் என்று நிறைய இதில் அடங்கும். ஏ மைனர், டி மைனர், ஈ மூன்றையும் எடுத்துக்கொண்டால் கீரவாணி வந்துவிடும், தமிழ்த் திரையிசையில் கீரவாணியை ஒட்டிய மெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. மெட்டை முணுமுணுத்துக்கொண்டே மூன்று கோர்டில் எது எங்கே பொருந்துகிறது என்று தட்டித் தட்டித் தேடுங்கள். இரண்டு வரி கண்டுபிடித்தால்கூடப் போதும், இணையத்தில் கிடைக்கும் கோர்டு பட்டியலைப் பார்த்து முழுப் பாட்டையும் வாசிப்பதைவிட அந்த இரண்டு வரி காதை அதிகம் வளர்க்கும்.

கூடவே ஒரு கேப்போ (கழுத்தில் மாட்டினால் எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கிளிப்) வாங்கிவிடுங்கள். பாடுகிறவரின் சுருதிக்குப் போவதற்கு ஆரம்பத்தில் அதுதான் வழி. நம் பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு. ஏ வடிவங்களை வாசித்துக்கொண்டே மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஒரு கட்டை. சி வடிவத்தோடு முதல் ஃப்ரெட்டில் போட்டால் ஒன்றரைக் கட்டை. பெண்கள் பாடும் ஐந்தரைக் கட்டைக்கு ஜி வடிவமும் முதல் ஃப்ரெட்டும். வீட்டில் யாராவது கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லிக் கூட வாசித்துப் பாருங்கள், தாளம் விடாமல் வாசிக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பாடுகிறவர் நமக்காக நிற்க மாட்டார்.

இன்னொரு விஷயம் தாளம். ஆரம்பப் பாடங்களில் நெடுந்தூரம் வரை எல்லாம் நாலு தட்டுக் கணக்கில்தான் போகிறது. கும்மி, தெம்மாங்கு, நம் திரைப்பாட்டுகளில் கணிசமான பகுதி என்று எடுத்துக்கொண்டால் திஸ்ர நடைதான், தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடும். அதன் மேல் நாலு தட்டு அடியைப் போட்டால் ஒட்டவே ஒட்டாது, நம்மவர்கள் பலர் தனக்குத் தாளமே வராது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். வராமல் இல்லை, அடி பொருந்தவில்லை. ஆறாக எண்ணுங்கள், ஆறும் கீழ் அடிகளாகவே மெதுவாகப் போடுங்கள், ஒன்றிலும் நாலிலும் மட்டும் அழுத்தம் கொடுங்கள். அது ஓடத் தொடங்கியதும் நடுவில் மேல் அடிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இதை இரண்டாம் வாரத்திலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திஸ்ரம் ரத்தத்தில் இருக்கிறது.

மெட்டை அப்படியே தந்தியில் வாசிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்களே இங்கே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். வீணை, வயலின், கீபோர்டு எல்லாவற்றிலும் அதைத்தானே கேட்டிருக்கிறோம். அவர்களுக்குக் கோர்டிலேயே மாதக்கணக்கில் சுற்றும் இந்த வரிசை ஏமாற்றமாக இருக்கும். இருந்தாலும் கோர்டு முதலில் என்பதைத்தான் நானும் ஆதரிக்கிறேன், வலது கையில் தாளம் உட்கார்ந்த பிறகு மெட்டு வாசித்தால் அது பாட்டாகக் கேட்கும், இல்லாவிட்டால் ஸ்வரங்கள் மட்டுமே கேட்கும். ஆசையை அடக்க வேண்டாம், தினமும் கடைசி ஐந்து நிமிஷம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் சி மேஜர் ஸ்கேலில் (சி-யில் தொடங்கும் ஸ்வர வரிசையில்) தெரிந்த ஒரு வரியைத் தேடி வாசித்துக்கொள்ளலாம்.

காணொளியால் முடியாத காரியம் ஒன்று உண்டு. அது நம் கையைப் பார்க்காது. தோள் தூக்கியிருப்பதை, மணிக்கட்டு மடங்கியிருப்பதை, பிக்கை (தந்தியை மீட்டும் சின்னத் தகட்டை) இறுக்கிப் பிடித்திருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். கைப்பேசியை எதிரில் வைத்து வாரம் ஒரு முறை பதிவு செய்து பார்ப்பது ஓரளவுக்கு உதவும். அதைவிடச் சிறந்தது, மாதம் ஒரு முறையாவது அனுபவமுள்ள ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் டிரினிட்டி, ராக்ஸ்கூல் தேர்வுகளுக்குத் தயார் செய்யும் வகுப்புகள் நடக்கின்றன. சான்றிதழ் வேண்டும், நொட்டேஷன் (எழுதிய இசைக் குறிப்பு) படிக்கத் தெரிய வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். ஜஸ்டின் கிட்டார் பாடங்களை அதற்கு மாற்றாக நான் சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்குப் போகிறவர்களும் வாரம் ஒரு மணி நேரம் தவிர மீதி ஆறு நாள் வீட்டில் தனியாகத்தான் உட்காருகிறார்கள், அந்த ஆறு நாளை எப்படிச் செலவழிப்பது என்று பல ஆசிரியர்கள் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு இந்தப் பயிற்சிப் பட்டியல் கச்சிதமாகப் பொருந்தும்.

பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையிலுள்ள கிட்டார் ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை. மலிவாகக் கிடைக்கும் கிட்டார்களில் தந்தி பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்துப் பாருங்கள், தடித்த தந்தியின் அடியில் இரண்டரை மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியின் அடியில் இரண்டு மில்லிமீட்டரும் சுமாராக இருந்தால் நல்லது. நாலு மில்லிமீட்டர் என்றால் விரல் வலிக்குக் காரணம் நீங்கள் இல்லை. முதல் ஃப்ரெட்டில் அழுத்துவதற்கே பலம் வேண்டியிருக்கிறது என்றால் தலைப்பகுதியில் தந்தி உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழமில்லை என்று பொருள். கிட்டார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்து செட்டப் செய்யுங்கள், நட்டை அரத்தால் ராவி, கீழே தந்தி படியும் சேடிலைத் தேய்த்து, கழுத்தின் உள்ளே இருக்கும் கம்பியைச் சரிசெய்து கொடுப்பார். தந்தியும் 12 கேஜ் (தடிமன் அளவு) இருந்தால் 10 கேஜ் செட்டாக மாற்றச் சொல்லுங்கள், விரலுக்கு எவ்வளவோ இதம். என்னிடம் இருப்பது யமஹா எஃப்310, தந்தியின் நீளம் 634 மில்லிமீட்டர், பெரிய கிட்டார்களைவிடத் துளி குறைவு என்பதால் ஆரம்பக் கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முக்கால் சைஸ் கிட்டார் எடுப்பதே நல்லது. வியர்வை அதிகமுள்ள ஊரில் வாசித்து முடித்ததும் தந்திகளைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் துருப்பிடித்துச் சத்தம் மங்கிவிடும்.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: தினமும் இருபது நிமிஷம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது வேலைக்கு ஆகாது. விரல் நுனி காய்ப்பதும் கை பழகுவதும் இடைவெளி விட்டால் நடக்காது. கிட்டாரை உறைக்குள் பூட்டி வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில், வெயில் படாமல், ஸ்டாண்டில் வையுங்கள். வாசிக்கும் முன் ட்யூனர் வைத்துச் சுருதி சேர்ப்பதை ஒரு நாளும் தவிர்க்காதீர்கள், சுருதி விலகிய கிட்டாரில் சரியாகப் பிடித்த கோர்டும் தப்பாகவே கேட்கும், காதும் அதற்குப் பழகிவிடும்.

தளத்தில் பாடங்கள் குவிந்து கிடப்பது சிலருக்குத் தொந்தரவாக இருக்கும். புளூஸ், ஃபிங்கர் ஸ்டைல், சோலோ என்று பக்கத்திலேயே கதவு திறந்திருக்கும்போது மனம் தாவும். தாவாமல் முதல் கிரேடை வரிசையாக முடியுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள், எண்ணிக்கை 30 தொடாத ஜோடி ஏதாவது இருந்தால் இன்னொரு வாரம் அதே பகுதியில் இருங்கள். எஃப் வராததால் பாட்டுகள் தடைபடுகின்றன என்று அவசரப்பட வேண்டாம். கேப்போ போட்டு வடிவத்தை மாற்றினால் எஃப் இல்லாமலே வாசிக்க வழி இருக்கும், விரல்களுக்குப் பலம் வந்த பிறகு இரண்டாம் கிரேடில் அதைத் தொடும்போது பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும்.

காசு விஷயம். கிரேடு பாடங்களுக்குக் கட்டணம் இல்லை, நன்கொடை கொடுக்கலாம். பாட்டுப் புத்தகங்கள், தியரி வகுப்பு, கைப்பேசிச் செயலி இவற்றுக்குத்தான் பணம். செயலியில் பாட்டு ஓட ஓடக் கூட வாசிக்கலாம், ஆனால் அதற்கான சந்தாவைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கிளிப் ட்யூனர், ஒரு கேப்போ, ஒரு செட் தந்தி வாங்கி, மிச்சத்தைக் கிட்டார் செட்டப்புக்குக் கொடுங்கள். முதல் கிரேடை முடித்ததும் உங்களால் முடிந்ததைத் தளத்துக்கு அனுப்புங்கள், நானும் அனுப்பினேன். இத்தனை வருஷமாக இந்தப் பாடங்களை யாருக்கும் பூட்டாமல் திறந்தே வைத்திருக்கிறார் மனுஷன்.